பசை போடாத கட்டில்

– இழைப்புளியைக் கீழ வைங்க மாமா. நான் பேசறது காதுல விழணும்.

– விழுது மாப்பிள்ளை. வண்டியை நிறுத்தும்போதே ஆரம்பிச்சிட்டீங்க, தெருவுக்கே விழுது.

– விழட்டும். கல்யாணத்துக்குச் செஞ்சு குடுத்தீங்களே ஒரு கட்டில், அது பிரிஞ்சு போச்சு. மத்தியானம் போய்ப் பாக்கறேன், மாடி ரூம்ல ரெண்டு பக்கச் சட்டமும் சுவத்துல சாஞ்சு கிடக்கு. தலைமாட்டையும் காணோம், கால்மாட்டையும் காணோம். உடைஞ்சதை எங்கயோ ஒளிச்சிட்டு உங்க பொண்ணும் ஆளைக் காணோம்.

– நான் செஞ்ச கட்டில் உடையாது.

– சொல்லுவீங்க. பசை போட்டீங்களா, சொல்லுங்க பாப்போம்.

– போடல.

– ஆணி?

– ஒண்ணு கூட அடிக்கல.

– அப்புறம் எதை நம்பி நிக்கும், உங்க வாய் வார்த்தையையா? நானும் இதே தொழில்தான் மாமா. பிளைவுட்டை ஒட்டி ஸ்க்ரூ முடுக்கி விட்டா இடி விழுந்தாலும் அசையாது.

– அசையாது. வீடு மாத்தும்போது கோடாலி எடுத்துட்டு வரணும். இங்க பாருங்க, சட்டத்தோட முனையை இழைச்சு இந்த மாதிரி நாக்காட்டம் செஞ்சிருக்கேன். அது தலைமாட்டுக் கால்லயும் கால்மாட்டுக் கால்லயும் இருக்கிற துளை வழியா நுழைஞ்சு அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும். நீட்டற இடத்துல ஒரு ஆப்பு. நீங்க படுக்கப் படுக்க அது இறுகும். தானா கழலாது.

– கழண்டிருக்கே.

– ஆப்பு எங்க கிடந்துது?

– ஜன்னல்ல. வரிசையா.

– வரிசையா விழுமா மாப்பிள்ளை? யாரோ கொட்டாப்புளியால கீழ இருந்து தட்டி எடுத்து வெச்சிருக்காங்க.

– யாரு தட்டினா? அம்மாவைக் கேட்டேன். சமையக்கட்டுல படுத்திருக்காங்க, எனக்கெதுக்குப்பா உங்க வம்புன்னு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

– என் பொண்ணை என்ன செஞ்சீங்க?

– என்னது?

– கேக்கறேன். கை நீட்டினீங்களா?

– மாமா, வார்த்தையை அளந்து பேசுங்க. ஒரு கட்டிலை ஒழுங்கா செய்யத் துப்பில்ல, பழியை என் மேல போடறீங்க.

– பழி இல்ல. அந்தக் கட்டிலைப் பிரிக்க ரெண்டாவது ஆள் வேண்டாம். அவ ஒருத்தியே பிரிச்சு, ஒருத்தியே இறக்கி, ஏத்திக்கிட்டு வந்துடலாம். அதுக்காகத்தான் பசை போடல.

– வந்துடலாம்னா? எங்க?

– இங்க. அவ பொறந்த வீட்டுக்கு.

– அப்போ மேளம் கொட்டிக்கிட்டு இருக்கும்போதே நான் எப்படிப்பட்டவன்னு முடிவு கட்டிட்டீங்க.

– உங்களை எனக்கு என்ன தெரியும்? எல்லாரும் மாப்பிள்ளைக் கோலத்துல நல்லவங்கதான். அந்த ஆப்பை அவ ஒருநாளும் தட்ட வேண்டாம் சாமின்னு வேண்டிக்கிட்டேதான் சீவினேன்.

– சாப்பாடு போட்ட கையாலயே முதுகுல குத்தறதுன்னா இதுதான். ரெண்டு வருஷமா உங்க சந்தேகத்து மேலயா படுத்துத் தூங்கினேன்? இனி அவ வரட்டும், நானா நீங்களான்னு கேட்டுடறேன்.

– கேளுங்க. அதோ வாசல்ல ஆட்டோ. மேல கட்டியிருக்கறது தலைமாடும் கால்மாடும், என் கண்ணுக்குத் தெரியாதா? வந்துட்டா மாப்பிள்ளை. நீங்க கேக்கவே வேண்டாம்.

– ஏய், எங்கடி கிளம்பி வந்திருக்க?

– இங்கதான். நீங்க ஏங்க வேலைக்குப் போகாம இங்க நிக்கறீங்க? அப்பா, முதல்ல இதைப் பிடிங்க, தோள் கழண்டு போகுது.

– உள்ள வாம்மா. உன் ரூம் அப்படியேதான் இருக்கு. யாரும் உன்னை ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க.

– ரூம் எனக்கெதுக்குப்பா? கட்டில் காலைப் பிடிச்சு அறுங்க, நாலையும் ஒரு சாண் குறைக்கணும். சாயந்தரத்துக்குள்ள கீழ் ரூம்ல கட்டிலைப் பூட்டியாகணும். அத்தை குள்ளம் இல்லையா, உக்காந்தா பாதம் தரையில படணும். சமையக்கட்டுத் தரையில படுத்துட்டு எந்திரிக்க முடியாம, தினம் விடிகாலையில கதவைப் பிடிச்சுக்கிட்டு அவங்க படற பாடு மாடியில தூங்கறவருக்குக் கேக்காதுப்பா.