ஒரே தள்ளுவண்டியில் வந்த கோப்பி

படு! விழுந்து படு! வாயைத் திற!

நான் கத்துகிறேன். தமிழில் கத்துகிறேன். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவளுக்குத் தமிழ் தெரியாது. நான் நிற்பது ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில், எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில். அவள் நிற்பது சூடானில், டார்ஃபூரில், ஒரு முள்வேலிக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் இரண்டு மணி பத்து நிமிடம். வைகாசி வெயில் படியில் கிடக்கிறது.

தொலைபேசிக்குள் ஒரு இரைச்சல். கனத்த இரைச்சல். தூரத்தில் மாவரைக்கும் ஆலை ஓடுவது போல. எனக்கு அது தெரியும். யாழ்ப்பாணத்தில் அதைச் சகடை என்போம். மெதுவாக வரும் பெரிய விமானம். பீப்பாய்க் குண்டை உருட்டி விடும். உருட்டிய பிறகும் இரைச்சல் மாறாது. மாறாததால் ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பார்க்கும்போது விழும். வாய் மூடியிருந்தால் காது கிழியும்.

ஒன்று. இரண்டு. மூன்று. எண்ணுகிறேன். பதினொன்றில் விழுந்தது. பெரிய சத்தம் இல்லை. தொலைபேசியில் பெரிய சத்தம் கேட்காது. தகரத்தில் ஈர மண் விழுந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

பக்கத்தில் ஹலீமா நிற்கிறாள். என் கையைப் பிடித்திருக்கிறாள். அவளுடைய நகம் பட்ட இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

பிறகு குரல் வந்தது. மரியம். உயிரோடு இருக்கிறாள். குண்டு ஊருக்கு வெளியே விழுந்தது. ஆடு நான்கு செத்தது. ஆள் இல்லை.

இது இரண்டாயிரத்து ஐந்தில் நடந்தது. இவர்கள் யாரென்று சொல்கிறேன். ஹலீமா எங்கள் கட்டடத்தில் கீழ் மாடியில் குடியிருந்தவள். அப்போது முப்பது வயது. அகதியாக வந்தவள். நான் வேலை செய்த கட்டடத்தில் அவளும் துப்புரவு வேலை செய்தாள். மரியம் அவளுடைய அக்கா. ஊரில் ஒரு வியாபாரியிடம் செய்மதித் தொலைபேசி இருந்தது. அதில்தான் பேசுவாள். எனக்கும் ஹலீமாவுக்கும் இடையில் இருந்தது நோர்வே மொழி. இரண்டு பேரிடமும் அரைகுறை. போதுமாக இருந்தது. இந்த நாட்டில் சிறியவர்களும் பெரியவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. ஹலீமா ராசம்மா என்று கூப்பிட்டால் மட்டும் பிடிக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்துங்கள். நாளையும் மணியையும் திருத்தாதீர்கள். அவை சரி.

அன்று மரியம் கேட்டது ஒரே கேள்வி. இருப்பதா, போவதா?

ஊரில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை விடிய எல்லைக்குப் புறப்படுகிறார்கள். ஏழு நாள் நடை. மரியத்துக்கு மூன்று பிள்ளைகள். கடைசி கைக்குழந்தை. மாமியாரால் நடக்க முடியாது. ஒரு கழுதை இருக்கிறது. ஆபிரிக்க நாடுகள் சேர்ந்து ஒரு படை அனுப்பப் போவதாக வானொலியில் கேட்டிருக்கிறாள். சனத்தைக் காக்க வரும் படை. அது வருமென்றால் நடக்கத் தேவையில்லை. வருமா? எப்போது வரும்?

ஹலீமா என்னைப் பார்த்தாள்.

ஏன் என்னைப் பார்த்தாள் என்றால், அந்தப் படையைப் பற்றிய கூட்டம் மறுநாள் தொடங்கவிருந்தது. நான் கோப்பி கொடுக்கும் கட்டடத்தில்.

ஹலீமாவிடம் சொன்னேன். "முதல்ல கிடங்கு வெட்டச் சொல்லு. போறதை வியாழக்கிழமை சொல்லுறன்."

கிடங்கு என்றால் பதுங்குகுழி. அது எனக்குத் தெரிந்த விஷயம். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் வளவில் நானே நின்று வெட்டுவித்தேன். மூன்று தரம் சகடை வந்தது. ஏழு பேர் உள்ளே போனோம். ஏழு பேரும் வெளியே வந்தோம். அந்தப் பெருமை எனக்கு உண்டு. நெஞ்சளவு ஆழம் என்றேன். உள்ளே வளைந்து திரும்ப ஒரு முடக்கு. மேலே மரக்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. வாசல் ஒன்று போதும், குண்டு சிதறும் சன்னம் உள்ளே வராது என்றேன். நான் சொல்லச் சொல்ல ஹலீமா தன் மொழியில் சொன்னாள். மரியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் கொடுத்தாள். எங்களுடைய "ஓம்" மாதிரி ஒரு சத்தம்.

திங்கட்கிழமை. காலை ஏழு மணி ஐந்து நிமிடச் சுரங்க ரயில். எட்டு மணிக்கு ஏப்ரன் கட்டினேன்.

சமையலறையில் முருகேசன் இருந்தான். தமிழ்நாட்டுப் பெடியன். பெடியன் என்கிறேன், நாற்பது வயது. அவனுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். கூட்ட அறைக்குள் தட்டு வைக்கப் போனால் காதையும் கொண்டு போவான்.

"என்ன கதைக்கினம் தம்பி?"

"ரெண்டு கூட்டணிம்மா. ஒண்ணு அமெரிக்கா இருக்கிற படைக் கூட்டணி. நார்வேயும் அதுல இருக்கு. இன்னொண்ணு ஐரோப்பா நாடுங்க சேர்ந்தது. நார்வே அதுல இல்ல. ஆப்பிரிக்கா சிப்பாய்ங்கள யாரு ஏத்திட்டுப் போறதுன்னு பேசறாங்க."

"ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லுகினமோ?"

"அய்யோ, இல்லம்மா. ரெண்டு பேரும் நாங்கதான் போவோம்கறாங்க. அதான் சண்டையே."

"விமானம் இருக்கோ?"

"இருக்கு. நிக்குது."

"சிப்பாய்மார்?"

"பெட்டி கட்டிட்டு உக்காந்திருக்காங்களாம். கல்யாணத்துல மாப்பிள்ளை ரெடி, பொண்ணு ரெடி. ஊர்வலத்துல யாரு காரு முன்னாடி போறதுன்னு பஞ்சாயத்து."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மரியத்தை அவனுக்குத் தெரியாது.

அமைதி காக்க வரும் படையை நான் என் ஊரில் கண்டிருக்கிறேன். கண்டதை ஹலீமாவிடம் சொல்லவில்லை. நம்பிக் கேட்பவளிடம் அதை எப்படிச் சொல்வது? இவர்கள் வேறு ஆட்கள், வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு கூட்டணிக்காரரும் இடைவேளையில் ஒன்றாகக் கோப்பி குடிப்பதில்லை. ஒரு பகுதி கிழக்கு அறையில். மற்றப் பகுதி மேற்கு அறையில். எங்களுக்கு இரண்டு தள்ளுவண்டி. திங்கள் இரண்டு. செவ்வாய் இரண்டு. புதன் இரண்டு. கிழக்கு அறையில் கோப்பைகள் அரைவாசி குடித்தபடி வந்தன. மேற்கு அறையில் பிஸ்கட்டை உடைத்து உடைத்து வைத்திருந்தார்கள். தின்னவில்லை. கோபமாக இருப்பவர்களின் தட்டு அப்படித்தான் வரும்.

புதன் பின்னேரம் ஹலீமா குப்பைப் பையோடு சமையலறை வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். நான் இரண்டு விரலைக் காட்டினேன். இன்னும் இரண்டு வண்டி. அவள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை. முருகேசனின் மகனுக்குக் காய்ச்சல். பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டான்.

இரண்டரை மணிக்குக் கூட்டத்தைக் கவனிக்கும் இளம் பெண் உத்தியோகத்தர் ஒருத்தி வந்தாள். நோர்வேக்காரி. நல்ல பிள்ளை. இன்றைக்கு ஒரே அறை, ஒரே வண்டி, கேக்கும் வரும் என்றாள். பாதாம் மாப் போட்ட பெரிய கேக். இந்த நாட்டில் நல்ல காரியத்துக்கு வெட்டுவது.

பதினேழு கோப்பை. ஒரே வண்டி. நானே தள்ளிக்கொண்டு போனேன். கதவு திறந்தது. சிரிப்புச் சத்தம். கிழக்கு அறைக்காரரும் மேற்கு அறைக்காரரும் கலந்து நின்றார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை. கை தட்டினார்கள். பதினேழு கோப்பையும் வெறுமையாக வந்தன. கேக்கில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

நான் ஆயிரம் வீட்டுக் கோப்பை கழுவியவள். கோப்பையைப் பார்த்தே வீட்டு நிலைமை சொல்வேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன். மூன்று மணி இருபதுக்குப் படியால் இறங்கினேன். ஹலீமா கீழே நிலம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுது. ஒரு வண்டி. வருகினம்."

"உண்மையா ராசம்மா?"

"நான் கண்டனான். இருக்கச் சொல்லு."

அவள் ஈரக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். நாலு மணிக்கு அழைத்தாள். மரியம் இருக்கிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை. காலை பத்தரை மணி. முருகேசன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறான். நான் கேட்கிறேன். "எந்தக் கூட்டணியாம் கடைசியிலை?"

"எந்தக் கூட்டணியும் இல்லம்மா. அடுத்த மாசம் வேற ஊர்ல பேசறாங்களாம்."

"பின்னை கேக்?"

"அது கூட்டத்துல இருந்தாங்கல்ல ஒரு நரைமுடி அம்மா, அவங்களுக்கு. ரெண்டு பக்கமும் அவங்களுக்கு மரியாதை உண்டு. வேலை மாத்தலாகிப் போறாங்க. அதுக்கு வழியனுப்பு விழா."

உரித்த கிழங்கு தண்ணீரில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்றும் கேட்கும்.

அன்று விடிய மற்றவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். மரியம் மூத்தவள் சாராவை, பதினொரு வயது, சித்தியோடு அனுப்பிவிட்டாள். என்னைப் பாதிதான் நம்பினாள் என்று இப்போது விளங்குகிறது. மிச்சப் பாதிக்கு அவள் இருந்தாள்.

நான் அன்றே சொல்லியிருக்கலாம். பிழை விட்டேன், வெளிக்கிடச் சொல்லு என்று. கழுதையில் போனால் முன்னே போனவர்களை எட்டிப் பிடித்திருப்பார்கள். சொல்லவில்லை. பிழை விட்டேன் என்று ஒருவரிடமும் சொல்லிப் பழகாதவள் நான். படை இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த கிழமை வரும், கிடங்கு இருக்கிறது என்று மனதுக்குச் சொன்னேன்.

சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு அங்கே விமானம் வந்தது. இரண்டு குண்டு. ஒன்று மரியத்தின் வேலிக்குப் பக்கத்தில். அவர்கள் கிடங்கில் இருந்தார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை. ஹலீமா மேலே ஓடி வந்து என் கையைக் கொஞ்சினாள். பக்கத்து இரண்டு குடும்பமும் அதே மாதிரி வெட்டுகிறார்களாம் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுத வெட்கம். ஆனால் இருந்தது. வெள்ளிக்கிழமையை அந்தப் பெருமையால் மூடிவிட்டேன்.

ஞாயிறு போனது. திங்கள் போனது.

செவ்வாய்க்கிழமை. மறுபடி அதே இரைச்சல். எல்லாரும் கிடங்குக்குள். குண்டு ஒன்று. பிறகு இரைச்சல் தூரப் போனது. என் ஊரில் என்றால் அத்துடன் சரி. விமானம் போனால் வெளியே வரலாம். அங்கே அப்படி இல்லை. விமானத்துக்குப் பின்னால் குதிரை வரும். குதிரையில் துவக்கோடு ஆட்கள் வருவார்கள். நான் கேட்டிருக்க வேண்டும். என் போரில் சாவு மேலிருந்து வந்தது. எல்லாருடைய போரும் அப்படி என்று நினைத்தேன்.

கிடங்கு இல்லாதவர்கள் பற்றைக் காட்டுக்குள் ஓடினார்கள். பலர் தப்பினார்கள். கிடங்கில் இருந்தவர்களுக்கு ஒரு வாசல்தான். குதிரையில் வந்தவர்களுக்குத் தேட வேண்டி இருக்கவில்லை.

புதன்கிழமை மாலை ஐந்து மணி. வியாபாரி அழைத்தான். ஆற்று மணலில் படுத்துத் தப்பியவன். ஹலீமா படிக்கட்டில் நின்று கேட்டாள். கேட்டு முடித்துத் தொலைபேசியை மெதுவாகப் படியில் வைத்தாள். முட்டையை வைப்பது போல. அழவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

இரண்டு கிழமை கழித்துப் போய் முழுவதும் சொன்னேன். கேக், முருகேசன், எல்லாம். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குத் தெரியும்?"

"பத்தரைக்கு."

தலையாட்டினாள். தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அந்த மாதக் கடைசியில் ஹவுகெட்டோவுக்கு வீடு மாறிவிட்டாள்.

கோடையில் முடிவு வந்தது. இரண்டு கூட்டணியும் ஏற்றிக்கொண்டு போகிறார்களாம். தனித்தனியாக. முருகேசன்தான் சொன்னான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. மரியத்தைப் பற்றி யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் இப்போது எழுதுகிறேன்? இந்தத் தை மாதம், இரண்டாயிரத்து ஒன்பதில், எங்கள் வீடுகளில் தொலைபேசி அடிக்கிறது. வன்னியிலிருந்து. இருப்பதா, வெளிக்கிடுவதா என்று கேட்கிறார்கள். ஒஸ்லோவில் சூடான அறையில் இருந்துகொண்டு நாங்கள் பதில் சொல்கிறோம். பொறுங்கோ, யாரோ வருகினம், கூட்டம் நடக்குது என்கிறோம். என் தங்கையும் கேட்டாள். போன செவ்வாய், காலை ஆறு மணி. பின்னால் செல் விழுந்து வெடிக்கும் சத்தம். நான் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியாது பிள்ளை. நீ அங்கை நிக்கிறாய். உனக்குத்தான் தெரியும்." அதைச் சொல்ல எனக்கு அறுபத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது.

கணக்கு இது.

மரியம், முப்பத்து நான்கு வயது. மகன் இத்ரிஸ், ஒன்பது வயது. கைக்குழந்தை. பெயர் எனக்குத் தெரியாது. கேட்கத் துணியவில்லை. மாமியார். என் அளவில் கிடங்கு வெட்டிய பக்கத்து இரண்டு வீட்டிலும் ஒன்பது பேர். கழுதை. மொத்தம் பதின்மூன்று பேரும் ஒரு கழுதையும்.

மிஞ்சியது சாரா. நான் சொன்னதைக் கேட்காமல் அனுப்பப்பட்டவள்.

கூட்ட அறையில் பதினேழு கோப்பை. அவற்றில் ஒன்றும் உடையவில்லை.