கூடப் பிறந்த எதிரி

கோர்ட் ஸ்டாப்பில் ஏறிய இருவரும் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்த வக்கீலுக்கு நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் அவருடைய அம்மா. அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாதுதான். தவளக்குப்பம் போகிற பஸ்ஸில் காதை எங்கே கழற்றி வைப்பது?

"கூடப் பொறந்த தம்பிய ஜட்ஜு முன்னால எதிரி எதிரின்னு சொல்றியே, உனக்கே நல்லாருக்கா? பன்னெண்டு தடவ சொன்ன. பின்னால ஒக்காந்து எண்ணிட்டிருந்தேன்."

"கொலைக் கேசுல மாட்டினவன கோர்ட்டுல அப்படித்தாம்மா சொல்லணும். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்லட்டும். நீ அவனுக்காகப் பேசுற வக்கீலு. என் தம்பின்னு ஒரு தடவ சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்தார். வக்கீல் அதை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எதிரின்னு சொன்னாத்தாம்மா எனக்குப் பேச்சே வருது. தம்பின்னு நெனச்சிட்டா, குத்துனது நீதானாடான்னு கேக்கத் தோணுது."

"இத்தன நாளா நீ கேக்கவே இல்லியா?"

"கேக்கல. ஊருக்கெல்லாம் பொய் சொல்லுவான், எங்கிட்ட மட்டும் சொல்ல மாட்டான். உனக்குத் தெரியாதா?"

அரியாங்குப்பம் பாலம் தாண்டும் வரை அந்த அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகன் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"நாளைக்கும் எதிரின்னே சொல்லுப்பா."