கோலமாவில் பொரித்த கொரியன் காலிஃப்ளவர்

வங்காளத்துப் பவானிபூரில் பஸ் ஏறிய தமிழ்த் தம்பதி என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் மடியில் ஒரு டப்பா. வந்த வாசனையில், நானும் தமிழன்தான் என்று சொல்லி ஒன்று வாங்கிவிடலாமா என்று யோசித்தேன்.

“கொரியன் காலிஃப்ளவருங்க,” என்றார் கணவரிடம். “ரெண்டு தடவை பொரிச்சேன். தொட்டுக்க மிளகாய், பூண்டு, வெல்லம் போட்டு சாஸ். நம்ம பொண்ணுக்கு வரப்போற மாமியார் அசந்துடுவாங்க.”

“என்ன மாவு?”

“அரிசிமாவு தீந்துபோச்சு. கோலமாவைப் போட்டேன்.”

“அடிப்பாவி! அது கல்லுமாவுடி!”

“அரிசிதாங்க. எறும்பு திங்கட்டும்னு எங்கம்மா அரைச்சு அனுப்பினது.”

“நேத்து போட்ட கோலத்துக்கு ஒரு எறும்பாவது வந்துச்சா?”

“வரலைங்க,” என்றபடி அந்த அம்மாள் டப்பாவை முகர்ந்து பார்த்தார்.

“கல்யாணமே நின்னுடும். ஒண்ணு தின்னு பாரு.”

“எனக்கு விரதம். நீங்க?”

“எனக்குக் கட்டின பல்லு.”

“அப்போ பக்கத்துல இருக்கற இந்த பெங்காலிக்காரருக்குக் குடுத்துப் பாப்போம். பாவம், தமிழ் தெரியாது.”

டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்கு இன்னும் நான்கு நிறுத்தம் இருந்தது. நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.