டப்பாவில் அதிர்ந்த கைபேசி

பிஸ்கட் டப்பாவை வாங்கியது நான்தான். படப்பிடிப்பு தொடங்கும் முன் எல்லோருடைய கைபேசியும் அதற்குள் போய்விட வேண்டும் என்பது என் குழுவில் சட்டம். ஒரு சின்ன அதிர்வு போதும், நல்ல காட்சி பாழாகிவிடும். ஒலிப்பதிவாளர் பெஷீர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வருவார். ஜாஸியா பெரியம்மாவும் தன் பழைய கைபேசியை அதில் போடுவார்.

"பத்திரம்டி ரவ்தா. என் புள்ள கூப்பிட்டா இதுலதான் கூப்பிடணும்."

"என் கண்ணு மாதிரி பாத்துக்கறேன் பெரியம்மா."

பார்த்துக்கொண்டேன், அதில் குறையில்லை.

துனிசியாவின் கடலோர ஊரான எங்கள் ஜர்ஜிஸில் படகேறிப் போய்த் திரும்பாத பையன் இல்லாத தெரு கிடையாது. பெரியம்மாவின் மகன் நிதாலும் அப்படி இத்தாலிக்குக் கிளம்பியவன்தான். படகு கவிழ்ந்தது என்றார்கள், உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து பெரியம்மா தினமும் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் கரைக்குப் போய், கடலைப் பார்த்து மகனோடு பேசுவார். "சாப்பிட்டியாடா? இன்னிக்கு மீன் குஸ்குஸ். உன் பங்க எடுத்து வெச்சிருக்கேன்." அதைத்தான் ஆவணப்படமாக எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அழும்போது கேமராவுக்குப் பின்னால் நின்று நானும் அழுதிருக்கிறேன். பெஷீரைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு மாலை, அவர் கரையில் நின்றிருந்தபோது டப்பா அதிர்ந்தது. நான் வண்டியருகே இருந்தேன். பெரியம்மாவின் கைபேசி, இத்தாலி எண். எடுத்தேன்.

"உம்மா," என்றது குரல்.

நிதால்தான். நீந்திக் கரையேறி, போலீஸில் பொய்ப்பெயர் சொல்லி, அந்தப் பெயரிலேயே சிறையிலும் இருந்திருக்கிறான். இப்போது பலெர்மோவில் ஆஸ்பத்திரிப் படுக்கையில். நுரையீரல் கெட்டுவிட்டதாம். வெட்கத்தில் இத்தனை நாள் கூப்பிடவில்லையாம். நர்ஸ் ஒருத்தி இரக்கப்பட்டுத் தன் போனைக் கொடுத்திருக்கிறாள்.

கூப்பிடு தூரத்தில்தான் பெரியம்மா நின்றிருந்தார். அன்று வெளிச்சமும் நன்றாக இருந்தது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அது ஒரு தாயின் காத்திருப்பைப் பற்றிய படம். தூனிஸ் திரைப்பட விழாவுக்குத் தேர்வாகியிருந்தது, கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. நான் அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. கொஞ்சம் தள்ளிவைத்தேன், அவ்வளவுதான்.

"நான் உங்க உம்மாவுக்கு மக மாதிரி," என்றேன் அவனிடம். "அவங்களுக்கு நெஞ்சு பலவீனம், திடீர்னு கேட்டா தாங்க மாட்டாங்க. நானே பக்குவமா சொல்றேன். இனிமே என் நம்பருக்கே கூப்பிடு தம்பி."

பெரியம்மாவின் நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. அந்த அழைப்பை அவர் கைபேசியிலிருந்து அழித்துவிட்டு, டப்பாவை மூடினேன்.

அவன் மறுபடி கூப்பிட்டான், அதன் பிறகும் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் இருமல் கூடிக்கொண்டே வந்தது.

"சொல்லிட்டீங்களாக்கா?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

"என் மேல கோவமா இருக்காங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது பொய்யாகாது.

கடைசியாகக் கூப்பிட்டபோது, "குரலையாவது கேக்கணும்க்கா, ஒரு தடவ," என்று கெஞ்சினான். எனக்கு மனசு கேட்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. எடிட்டிங் அறையில் இருந்தேன். கரைக் காட்சியை ஓடவிட்டு, போனை ஒலிபெருக்கியருகே பிடித்தேன்.

"சாப்பிட்டியாடா?" என்றார் பெரியம்மா.

"சாப்பிட்டேன் உம்மா," என்றான் நிதால்.

அவர் பேசிக்கொண்டே போனார், அவன் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். தான் சொல்வது எதுவும் அவர் காதில் விழவில்லை என்பதைக் காய்ச்சலில் அவன் கவனிக்கவில்லை. காட்சி முடிந்தது. "உம்மா? உம்மா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் போனை வைத்தேன். சில நாள் கழித்து அதே எண்ணிலிருந்து நர்ஸ் பேசினாள். அவனை அந்தப் பொய்ப்பெயரிலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். அன்று முழுக்க நான் எதுவும் சாப்பிடவில்லை.

தூனிஸ் விழாவில் படம் ஓடி முடிந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. பெரியம்மாவை மேடைக்கு அழைத்தார்கள். "உங்க மகன் உயிரோட இருக்கான்னு நினைக்கிறீங்களாம்மா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இருந்தா கூப்பிட்டிருப்பானே, அவன் அப்படி மறக்கற புள்ள இல்ல," என்றார் பெரியம்மா. "போன் என் கையிலயேதான் இருந்துச்சு. படம் எடுக்கறப்ப மட்டும் ரவ்தாகிட்ட. அவ என்னைவிடக் கவனமா பாத்துக்கிட்டா." என்னை இழுத்து அணைத்து நெற்றியில் முத்தமிட்டார். பரிசு எங்களுக்குத்தான் கிடைத்தது.

அவரிடம் இதை மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நிதால் என் போனில் பேசியதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறேன், தொழில் புத்தி. இருமல் உட்படத் தெளிவாக இருக்கிறது. அதைக் கேட்கப் பெற்றவளுக்கு உரிமை உண்டு. அடுத்த வாரம் ஜர்ஜிஸுக்குப் போய்ப் போட்டுக் காட்டப்போகிறேன். முகத்துக்கு ஒரு கேமரா, கைகளுக்கு ஒரு கேமரா. பெஷீரிடம் மறக்காமல் டப்பாவை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். அவர் மகனின் குரலைக் கேட்கிற நேரத்தில் எந்த போனும் அடித்துவிடக் கூடாது.