அழித்ததற்குப் பதவி உயர்வு

ஜூலை 8, செவ்வாய். வழக்கம்போல் மயிலாப்பூரில் காய்கறி வாங்கிக்கொண்டு அடையாறு பஸ் ஏறினேன். முன் இருக்கையில் கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள்.

"போன மாசம் பூரா சாஃப்ட்வேர் கோடு வரிகளை அழிச்சேன்டி. அதுக்கு பிரமோஷன்!"

"இன்னாடி சொல்ற? எத்தனை வரி எழுதினோம்னுதானே மார்க்? நீ மைனஸ்ல இல்ல நின்ன?"

"வேலையே போயிடும்னு பயந்தேன். ஒரே வட்டிக் கணக்கை ஆளாளுக்குத் தனித்தனியா எழுதி வெச்சிருந்தாங்க. ஒண்ணை வெச்சுட்டு மீதியைத் தூக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒரு கம்ப்ளைண்ட்கூட வரல! இனிமே வரியை எண்ண மாட்டாங்களாம், தப்பைத்தான் எண்ணுவாங்களாம்."

"அப்ப விழுந்து விழுந்து எழுதின நான்?"

"அடுத்து உன்னோடதைத்தான் அழிக்கப் போறேன், மச்சி!"

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, அலமாரியில் இருந்த நான்கு காபி ஃபில்டர்களில் மூன்றை எடுத்து வெளியே வைத்தேன்.