ஆள் இல்லாமல் அடித்த கீபோர்டு

— கூடத்துல யார் யார் இருந்தாங்கனு சொல்றேன், கேட்டுக்க அருண்பிரசாத். கீழ்பென்னாத்தூர்ல இருந்து பொண்ணு பாக்க வந்த பரசுராமன், அவர் சம்சாரம் தங்கம்மாள், பையன் கோபி. இந்தப் பக்கம் இந்த ஆதிமூலம், நான் ஒருத்தன்தான். அடுப்பங்கரையில எங்க வீட்டம்மா ரேணுகாம்பாளும் பொண்ணு தேவிப்ரியாவும். அவ்ளோதான். கம்ப்யூட்டர் கிட்ட ஒருத்தரும் போகல. நீ வித்த கீபோர்டு தானா அடிச்சிது!

— எந்தக் கீபோர்டும் தானா அடிக்காது சார்.

— அப்ப நான் பொய் சொல்றனா? திரையில எழுத்தெழுத்தா வந்துச்சுய்யா, 'எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்'னு. பரசுராமன் கண்ணாடியத் தொடச்சு மாட்டிகிட்டு சத்தமாப் படிச்சாரு. வெச்ச கேசரியத் தொடல. எழுந்து போயிட்டாங்க.

— டென்ஷன் ஆகாதீங்க சார். விக்கும்போதே சொன்னேனே. 2006 மாடல், ஒயர் கிடையாது, பத்து மீட்டருக்கு சிக்னல் போகும், நடுவுல சுவர் இருந்தாலும்...

— அதையேதான் நானும் பெருமையா அவங்களுக்குச் சொன்னேன். இப்ப ஊர்ல என்ன பேச்சு தெரியுமா? ஆதிமூலம் வீட்டுல காத்து கருப்பு இருக்குதாம்! எங்க பாட்டன் காலத்துல இருந்து இந்தத் தெருவுல தலை நிமிந்து நடந்த குடும்பம். இனிமே எவன் பொண்ணு கேட்டு வாசப்படி மிதிப்பான்?

— பக்கத்து வீட்டுல இதே செட்டு இருந்தா, அவங்க அடிக்கறது இங்க விழும் சார். ஆனா விலை ஜாஸ்தினு திருவண்ணாமலையில உங்களத் தவிர யாரும் வாங்கல. அன்னைக்கு கீபோர்டு எங்க இருந்துச்சு?

— மேசையிலதான்... இல்ல, பலகாரத் தட்டு வைக்கணும்னு தேவி உள்ள எடுத்துட்டுப் போனா.

— அடுப்பங்கரைக்கா சார்?

— என்னய்யா இழுக்குற? நாக்க அடக்கிப் பேசு! பட்டன் ஒவ்வொண்ணுக்கும் தனி ஸ்ப்ரிங்கு, அமுக்குனா டக்கு டக்குனு கேக்கும்னு நீதான சொன்ன? அவ ஒரு எழுத்து அடிச்சா தெருமுனை வரைக்கும் கேக்குது. கூடத்துல உக்காந்திருந்த நாங்க என்ன செவிடா?

— நியாயம்தான் சார். வேற சத்தம் எதாவது?

— மிக்ஸி சத்தம். எங்க வீட்டம்மா சட்னி அரைச்சா. காது கிழிஞ்சிது.

— அப்ப என்ன பேசிட்டு இருந்தீங்க?

— பரசுராமன் நிபந்தனை போட்டாரு. பொண்ணுக்கு வந்திருக்கற சென்னை வேலைய விட்டுடணும், கம்ப்யூட்டர் இங்கயே கெடக்கட்டும்னாரு. சரினு நானும் வாக்கு குடுத்துட்டேன். அப்பதான் மிக்ஸி ஓட ஆரம்பிச்சுது.

— கேசரியோட வேற என்ன சார் வெச்சீங்க?

— காராபூந்தி. பலகாரக் கணக்கு உனக்கு எதுக்கு?

— இல்ல சார்... கேசரிக்கும் காராபூந்திக்கும் சட்னி எதுக்கு?

— ரேணுகா! ஏ ரேணுகா, இங்க வா. இவன் என்னமோ கேக்குறான். ஊர்ல காத்து கருப்புங்கறான், இவன் என் பொண்ணுதான் அடிச்சாங்கறான். சொல்லு. அன்னைக்கு மிக்ஸியில என்னத்த அரைச்ச?

— காத்தும் இல்ல, கருப்பும் இல்லைங்க. அடிச்சது தேவிதான். நான் ஓட்டுனது வெறும் ஜாரு.