அரை நாள் லீவு

உங்களுக்கும் வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது என்று தெரிகிறது, ஐயா. சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மருந்துக் கிடங்கில் ஸ்டாக் சரிபார்ப்பது என் வேலை. டிகிரி படித்தவன் என்பதால் மேஜை, நாற்காலி உண்டு. மேனேஜர் நீங்கலாக முப்பத்தொரு பேர். காலை ஒன்பதுக்கு வாசல் லாக்கரில் போனை வைத்துவிட்டு உள்ளே போனால் வேலை ஐந்தரைக்கு முடியும். வேலை நியமன ஆர்டரில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஐந்தரைக்கு ஒருவரும் எழுந்து நான் பார்த்ததில்லை.

ஜனங்கள் ஏன் இப்படி மாடாய் உழைக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். போட்டி, பயம், ஆசை என்கிறார்கள். எங்கள் கிடங்கில் காரணம் ஒரு ஜோக். ஐந்தரைக்கு யாராவது பையைத் தொட்டால் மேனேஜர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

"என்னப்பா, இன்னைக்கு அரை நாள் லீவா?"

எல்லோரும் சிரிப்பார்கள். பையைத் தொட்டவனும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். பிறகு ஏழு வரை, சில நாள் எட்டு வரை. செய்ய வேலை இருக்காது. ஒட்டிய லேபிளையே தடவிக்கொண்டிருப்போம். யாரையும் அவர் ஒருநாளும் இருக்கச் சொன்னதில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

என் மனைவிக்கு வலிப்பு நோய். தனியாக விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். அவர் நர்ஸ். "ஆறுக்குள்ள வந்துடுங்க தம்பி, நான் ட்யூட்டிக்கு பஸ்ஸைப் பிடிக்கணும்" என்று தினமும் சொல்வார். எனக்குப் பெரும்பாலும் ஏழாகிவிடும்.

அந்தப் புதன்கிழமை லாக்கரைத் திறந்தபோது மணி எட்டு. அவள் நான்கு முறை கூப்பிட்டிருந்தாள். வலிப்பு வருவது அவளுக்குச் சற்று முன்பே தெரிந்துவிடும். கடைசி அழைப்பு ஆறு இருபதுக்கு. வீட்டுக்குப் போனால் குளியலறைக் கதவைத் தள்ள முடியவில்லை. உள்ளே அவள் உடம்பு முட்டுக்கொடுத்திருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அன்றே ஐந்தரைக்கு, லேபிள் ஒட்டும் பெண் பையைத் தொட்டாள். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னையும் சிரிக்க வைத்ததைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் நான்கு மணிக்கு, குளிர் அறையில் ஒரு பெட்டி குறைகிறது என்று அவரிடம் சொன்னேன். அங்கே மைனஸ் இருபது. உள்ளேயிருந்து திறக்கும் பிடி உடைந்திருப்பதை மூன்று முறை எழுதிக்கொடுத்தவன் நான்தான். அவர் உள்ளே போனதும் கதவைச் சாத்தினேன். தட்டினார். தடித்த கதவு, பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும்தான் கேட்கும். நான் பக்கத்தில் நின்றேன். சத்தம் நின்ற பிறகு என் மேஜைக்கு வந்து, சார் ஹெட் ஆபீஸ் போயிருக்கிறார் என்றேன். ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள். முப்பது பேரும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனார்கள். அதில் ஒருத்திக்குக் கைக்குழந்தை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் போன அந்தப் புதன்கிழமை ஆபீஸில் நடந்ததை அவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மறைக்க ஒன்றுமில்லை. ஐந்தரைக்கு மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். "நீ கிளம்புப்பா. வீட்ல அந்தப் பொண்ணு தனியா இருக்கும்ல. லிஸ்ட்டை நான் பாத்துக்கறேன்" என்றார். இருக்கட்டும் சார் என்றேன். வீட்டுக்குப் போனால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், இப்போது வருமா, அப்புறம் வருமா என்று. கிடங்கில் பெட்டிகளை எண்ணினால் போதும்.

ஆனாலும் அவர் வயதில் பெரியவர், ஐயா. இன்னொரு தடவை சொல்லியிருந்தால் நான் கிளம்பியிருப்பேன்.